குரோம் போட்ட அச்சு

தர்மாவின் வலது பாதம் போனதற்குக் காரணம் தீட்டு என்று கோயில் கமிட்டி கூடி முடிவு செய்தது. அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன், வாயைத் திறக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மற்றவர்களை நான் திட்டும்போது, நீ மட்டும் யோக்கியமா என்று யாரும் கேட்க வேண்டியதில்லை.

என் பெயர் பிச்சைமுத்து. பேராக் மாநிலத்தில், ஈப்போவை அடுத்த செமோர் பக்கம் ஏழாங்கட்டைத் தோட்டத்தில் பிறந்தவன். தோட்டம் என்பது வெறும் வாய்ப்பழக்கம். ரப்பரைச் சாய்த்து எண்ணெய்க்குச் செம்பனை நட்டார்கள். செம்பனையிலும் பாதியை அழித்து வீடு கட்டினார்கள். லயத்து வரிசை வீடுகளிலிருந்த எங்களைக் கிளப்பித் தாமான் என்கிற புதுக் குடியிருப்பில் மலிவு வீட்டில் போட்டு இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. மிச்சம் இருப்பது மாரியம்மன் கோயில் ஒன்றுதான். அந்தக் கோயில் தேரை இழுக்கும் டிராக்டரை நான்தான் ஓட்டுகிறேன். என் பக்கத்து வீட்டுக்காரன் தர்மா. பிழைப்புக்கு லாரி ஓட்டுகிறவன், திருவிழாவில் தேரின் பின்சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறவன். பத்து நாள் காப்புக் கட்டி, மீன் கறி தொடாமல், தரையில் படுத்து எழுந்து செய்வான்.

இந்த வருஷ ஆடித் திருவிழாவில் சாயங்காலம் ஐந்து மணிக்குத் தேர் கிளம்பியது. அப்போதுதான் மழை விட்டிருந்தது. கோயில் வாசலைத் தாண்டியதும் செம்மண் ரோட்டில் ஒரு சின்ன இறக்கம் வரும். தர்மா கட்டையோடு குனிந்திருக்கிறான். பின்னால் டமார் என்று ஒரு சத்தம். யாரோ பட்டாசு கொளுத்துகிறார்கள் என்று நினைத்து நான் இன்னும் இரண்டடி இழுத்தேன். பின் அச்சு முறிந்து, தேர் வலப்பக்கம் சாய்ந்து, சக்கரம் அவன் பாதத்தின் மேல் உட்கார்ந்துவிட்டது. அந்த இரண்டடி என்னை இன்னும் விடவில்லை. ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் கணுக்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

தலைவர் விக்னேஸ்வரன் காரணத்தைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிஷம் கூட ஆகவில்லை.

"அவன் சித்தப்பா செத்து ஒரு மாசம் ஆகறதுக்குள்ள, அந்தத் தீட்டோட போயி அம்மா சக்கரத்தத் தொட்டிருக்கான். சும்மா விடுவாளா அவ?" என்றார்.

பதினாறாம் நாள் கருமாதி முடிந்துவிட்டது. பதினெட்டாம் நாள் தர்மா கையில் காப்புக் கட்டிவிட்டவர் இதே விக்னேஸ்வரன்தான். கட்டும்போது மணக்காத தீட்டு, கால் போன பிறகு மணந்தது.  பக்கத்தில் ஸ்கந்தராஜா சார் உட்கார்ந்திருந்தார். எங்கள் தோட்டத்தில் கணக்கெழுதிய பழைய கிராணியின் மகன், அரசாங்கத்தில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரோ கைப்பேசியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை தர்மா கோயிலுக்கு வந்து, ஊர் பார்க்க விழுந்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று கடிதம் எழுதி, அதை என் கையிலேயே கொடுத்து அனுப்பினார்கள். நானும் வாங்கிக்கொண்டு போனேன், தபால்காரன் மாதிரி.

நான் போனபோது துளசி வேலை முடிந்து வந்து நெத்திலிச் சம்பல் கிண்டிக்கொண்டிருந்தாள். தர்மாவின் மனைவி. ஈப்போவில் லாரிப் பட்டை வில் செய்கிற தொழிற்சாலையில் பதினான்கு வருஷமாகக் குண்டடி மெஷினில் நிற்கிறவள். கடுகு அளவு இரும்புக் குண்டுகளைக் காற்றின் வேகத்தில் வில்லின் மேல் அடிக்கிற மெஷின் அது. கதவைச் சாத்தி ஓடவிட்டால் தகரக் கூரையில் கல்மழை பெய்கிற சத்தம் கேட்கும் என்பாள். அவளோடு பேசுகிறவர்கள் சத்தமாகப் பேச வேண்டும், காது கொஞ்சம் மந்தம். தலை சீவினால் குண்டு விழும், சப்பாத்தைக் கவிழ்த்தால் குண்டு விழும். ஒருமுறை நான் சாப்பிட்ட சோற்றிலேயே ஒன்று கிடைத்தது.

தர்மா கடிதத்தைப் படித்துவிட்டு மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்தான்.

"போயி விழுந்துட்டு வந்துர்றேன் துளசி. விழுந்தா என்னா கொறஞ்சிடப் போவுது?"

அவள் அடுப்பை அணைத்தாள். "எப்டி விழுவீங்க?"

"என்னா எப்டி?"

"ஒத்தக் கால்ல எப்டி விழுவீங்கன்னு கேக்குறேன். மொதல்ல ஊனுகட்டையக் கீழ வைப்பீங்களா, இல்ல கட்டையோட விழுவீங்களா? நா வந்து பிடிச்சி விழ வைக்கணுமா?"

"அம்மாகிட்டதான விழுறேன்."

"அம்மாகிட்டயா? விக்னேஸ்வரன் வேட்டிக்கு முன்னாடி விழுறீங்க. நம்ம மவ தினேஸ்வரி டியூசன்ல ஒருத்தி கேட்டிருக்கா, ஒங்கப்பாதான தேரக் கவுத்தாருன்னு. நீங்க போயி விழுந்தீங்கன்னா அது சத்தியமாயிடும். அவ கல்யாணத்து வரைக்கும் வரும் இந்தப் பேச்சு, தெரிஞ்சுக்குங்க."

தர்மா என்னைப் பார்த்தான். "அண்ணே, நீங்க சொல்லுங்க. தீட்டு இல்லாமலா அவ்ளோ பெரிய இரும்பு ஒடையும்? காஞ்ச குச்சி மாதிரி பட்டுன்னு ஒடஞ்சுதே. எத்தன லாரி பாத்திருக்கேன் நானு."

அதுதான் கொடுமை. மற்றவர்கள் சொன்னதை அவனே நம்பினான். கால் போன வலியை விட, அம்மனுக்கு ஆகாதவன் ஆகிவிட்டோம் என்பது அவனைத் தின்றுகொண்டிருந்தது. மூன்று வாரத்தில் முகம் பாதியாகிவிட்டது.

"இரும்பு பட்டுன்னு ஒடையாது," என்றாள் துளசி. "கொஞ்சம் கொஞ்சமா வெடிச்சு, கடேசிலதான் பட்டுங்கும். ஒங்களுக்கு எத்தன வாட்டி சொல்லிருக்கேன் எங்க கெர்ஜா, எங்க வேல என்னான்னு? ஒரு நாளாச்சும் காதுல வாங்கியிருக்கீங்களா?"

அவள் பையிலிருந்து இரண்டு சின்ன இரும்புப் பட்டைகளை எடுத்தாள். விரல் நீளம், தகடு மாதிரி. ஒன்று வில்லாக வளைந்து மங்கலாக இருந்தது. மற்றது நேராக, பளபளவென்று இருந்தது.

"இத யாரு வளச்சா?"

"நீதான்," என்றான் தர்மா.

"யாரும் வளைக்கல. தெனம் காலையில மெஷின் சரியா அடிக்கிதான்னு பாக்க இந்தத் தகட்டப் போல்ட்டு போட்டு இறுக்கி, ஒரு பக்கம் மட்டும் குண்டு அடிப்போம். சூடு கெடையாது, பச்சையாவே அடிக்கிறது. அடிச்சு போல்ட்டக் கழட்டுனா தானா வளைஞ்சுக்கும். ஏன்? அடிபட்ட பக்கம் தோலு விரியப் பாக்குது, உள்ள இருக்குற இரும்பு விடாமப் புடிக்கிது. அதனால அந்தத் தோலு நெருக்கியடிச்சிக்கிட்டு நிக்கிது. அப்டி நெருங்கி நிக்கிற தோலுல வெடிப்பு வாயத் தொறக்க முடியாது. ஒரே வில்லு, குண்டு அடிச்சா பத்து வருஷம் ஓடும், அடிக்காட்டி ஒரு வருஷத்துல ஒடையும்."

"அப்ப இது?" நேரான தகட்டை எடுத்தான்.

"அதுவும் வளைஞ்சு கெடந்ததுதான். நேத்து நானே அரத்தாளு போட்டு, பாலிஷ் புடிச்சுப் பளபளன்னு ஆக்குனேன். தோலு போச்சு, வளைவும் போச்சு. ஒரு வெரல் நகத்துக் கனம் கூட இல்லீங்க அந்தத் தோலு. அவ்ளோதான் உசுரு."

தர்மா இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தான். அவன் முகத்தில் எதுவும் தெரியவில்லை. ஆனால் அந்தத் தேர் அச்சின் கதை எனக்குத் தெரியும்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் புதுத் தேர் செய்தபோது, அதன் அச்சைத் துளசிதான் தன் மேஸ்திரி அ ஹெங்கிடம் கெஞ்சித் தொழிற்சாலைக்குக் கொண்டுபோனாள். ஒரு சனிக்கிழமை மதியம், மற்றவர்கள் போன பிறகு, அவளே நின்று குண்டு அடித்தாள். அம்மனுக்கு அவளுடைய நேர்த்திக்கடன் அது. அச்சு சாம்பல் நிறத்தில், சொரசொரவென்று வந்தது. கமிட்டி முகம் சுளித்தது. என்ன இது, அம்மன் தேருக்குப் பழைய இரும்புக் கடை அச்சா என்றார் தலைவர். தேருக்கு அடியில் கலர் கலராக எல்இடி விளக்கு போட்டிருந்தார்கள், வீடியோவில் அச்சு மின்ன வேண்டுமாம். மோட்டார் சைக்கிள் ரிம்முக்குக் குரோம் போடுகிற கடைக்கு நானே ஏற்றிக்கொண்டு போனேன். அந்தப் பையன்கள் முகம் தெரிகிற வரைக்கும் கடைந்து, தேய்த்து, மேலே குரோம் போட்டுக் கொடுத்தார்கள். செலவு ஸ்கந்தராஜா சாருடைய உபயம். துளசி பார்த்துவிட்டு, "ஐயோ, தோல உரிச்சிட்டீங்களே," என்று கத்தினாள். எல்லோரும் சிரித்தோம். இரும்புக்கு ஏது தோல் என்று நானும் சிரித்தேன்.

"அண்ணே, ஒடஞ்ச அச்சு எங்க?" என்றாள் துளசி.

"கோயிலுக்குப் பின்னால, தகரக் கொட்டாயில."

"நாளைக்கே போலாம் வாங்க."

மறுநாள் சனிக்கிழமை மதியம் நானும் துளசியும் என் பழைய கஞ்சில் காரில் போனோம். சுற்றிலும் செம்பனை, வெயில் கொளுத்தியது. தூரத்துச் சுண்ணாம்பு மலை மேல் மழை கட்டிக்கொண்டிருந்தது. தேர் கொட்டகையில் நின்றது. அதற்குள் புது அச்சு போட்டுவிட்டார்கள், அதுவும் கண்ணாடி மாதிரி மின்னியது. துளசி அடியில் குனிந்து, அச்சின் கழுத்துப் பக்கம் விரலை வைத்துத் தடவினாள். எழுந்தபோது கண் சிவந்திருந்தது.

"மறுபடியும் குரோமா? ஒருத்தன் காலு போயி மூணு வாரம் ஆகல, மறுபடியும் குரோமா?"

"அடுத்த வாரம் லூமுட் கோயில்ல திருவிழா. நாளைக்கு மன்னிப்புப் பூஜை முடிஞ்சதும் தேரு கெளம்புது. அவசரமாப் போட்டது," என்றேன்.

"நீங்கதான் ஓட்டுறீங்களா?"

நான் தகரக் கொட்டாய்ப் பக்கம் நடந்தேன்.

உடைந்த அச்சு சாக்குக்கு அடியில் கிடந்தது. துளசி அது முறிந்த இடத்தைத் துப்பட்டாவால் துடைத்தாள். முக்கால் பங்கு வழவழப்பாக, கறுத்த பழுப்பாக இருந்தது. ஒரு ஓரத்திலிருந்து கிளம்பி வளைவு வளைவாகக் கோடு பரவியிருந்தது, ஈயம் தோண்டிய குட்டையில் தண்ணீர் வற்றும்போது கரையில் விழுகிற கோடுகளைப் போல. மிச்சம் கால் பங்கு கரடுமுரடாக, கற்கண்டு உடைத்த மாதிரி. அதன் மேல் லேசான மஞ்சள் துரு.

"இங்க தொடைங்க." கரடான பக்கத்தைக் காட்டினாள். கட்டைவிரலால் தேய்த்தேன், துரு கையோடு வந்தது. "இது மூணு வாரத் துரு. இப்ப இங்க." வழவழப்பான பக்கத்தை எவ்வளவு தேய்த்தும் ஒன்றும் வரவில்லை. "இது எப்பவோ வெடிச்ச எடம். மழத்தண்ணி உள்ள போயி உக்காந்துருக்கு. ஒவ்வொரு கோடும் ஒவ்வொரு நட. அண்ணே, தேர எங்கெல்லாம் இழுத்துக்கிட்டுப் போனீங்க?"

எங்கே போகவில்லை? எங்கள் தேர் அழகு என்று பேர் வாங்கியதும் பேராக் முழுக்கக் கோயில்கள் கேட்க ஆரம்பித்தன. தலைவருக்கு அதில் பெருமை. சித்தியவான், லூமுட் என்று வருஷத்துக்குப் பதினைந்து இருபது நடை, டிராக்டருக்குப் பின்னால் கட்டி, மேடு பள்ளம் பார்க்காமல் இழுத்திருக்கிறேன். ஒவ்வொரு பள்ளத்துக்கும் அச்சு கண்ணுக்குத் தெரியாமல் வளைந்து நிமிர்ந்திருக்கிறது. உள்ளே வெடித்துக்கொண்டே வந்ததைக் குரோம் மூடிக்கொண்டிருந்தது.

"இத நாளைக்குச் சொல்லுவீங்களா?" என்று கேட்டாள்.

"பாக்கலாம்லா," என்றேன்.

துளசி பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெரியவில்லை. இருவருமாக அந்த அச்சைத் தூக்கிக் காரின் பின்சீட்டில் போட்டோம். 

ஞாயிறு காலை கோயில் நிறைந்துவிட்டது. சும்மா நாளில் வராத சனம், ஒருவன் விழுவதைப் பார்க்க ஈப்போவிலிருந்தெல்லாம் வந்திருந்தது. வாசலில் ரொட்டி சானாயும் தே தாரிக் டீயும் கொடுத்தார்கள். தேர் மாலை போட்டு நின்றது, டிராக்டரில் கட்டியாகிவிட்டது. தர்மா இரண்டு கட்டைகளை ஊன்றி, வெள்ளை வேட்டியில் வந்தான். வேட்டிக்குக் கீழே ஒரு பக்கம் துணிக்கட்டு தெரிந்தது. விழத்தான் வந்திருந்தான். வருகிற வழியில் கூட, "விழுந்துட்டா மனசு ஆறும் அண்ணே," என்றான்.

தலைவர் மைக்கைப் பிடித்தார். "நம்ம தர்மா நல்ல பையன். தெரியாம செஞ்ச தப்பு. அம்மா கருணையுள்ளவ..."

"என்னா தப்பு?" என்றாள் துளசி.

காரிலிருந்து அச்சை ஒற்றை ஆளாக இழுத்துக்கொண்டு வந்திருந்தாள். சிமெண்டில் அது உரசிய சத்தத்தில் மேளக்காரர்கள் நிறுத்திவிட்டார்கள். தலைவரின் காலடியில் போட்டாள்.

"என்னா தப்புன்னு சொல்லுங்க தலைவரே. நா குண்டடிச்சுக் குடுத்த அச்ச உரிச்சது யாரு? குரோம் போட்டு மினுக்குனது யாரு? இந்தத் துருவப் பாருங்க."

"பொம்பள, கோயில்ல சத்தம் போடாத."

"எனக்குக் காது மந்தம், சத்தமாத்தான் பேச வரும்!" அவள் ஸ்கந்தராஜா சார் பக்கம் திரும்பினாள். "சார், நீங்க படிச்சவரு, எஞ்சினியரு. நா அஞ்சாம் பாரம் கூட முடிக்கல. நா சொல்றது பொய்னா பொய்னு சொல்லுங்க. இந்த வெடிப்பு எத்தன நாளு? அவரு சித்தப்பா செத்து இன்னையோட அம்பது நாளு கூட ஆகல. அதுக்குள்ள இவ்ளோ துரு புடிக்குமா?"

ஸ்கந்தராஜா சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு குனிந்து பார்த்தார். அவ்வளவு நேரம் பார்க்க வேண்டியதில்லை, பார்த்தவுடனே அவருக்குத் தெரிந்துவிட்டது என்று நான் அடித்துச் சொல்வேன்.

"ஆறு மாசத்துக்குக் குறையாது," என்றார் மெல்ல. "கூடவும் இருக்கும்."

"சத்தமாச் சொல்லுங்க சார்."

"ஆறு மாசத்துக்கு மேலே. ஓம், பாலிஷ் பண்ணினதாலே வந்த வெடிப்புத்தான். எனக்கு அண்டைக்கே சந்தேகம். கோயில் விஷயம், ஏன் கதைப்பான் எண்டு விட்டிட்டன்."

கோயில் விஷயமாம். ஒரு மனுஷனின் கால் கோயில் விஷயத்துக்குள் அடங்கிவிட்டது இவருக்கு. அந்த நிமிஷம் அவர் மேல் வந்த ஆத்திரத்தில் பாதி என் மேலும் வந்தது. எழுந்து நின்றேன். "நாந்தான் அத குரோம் கடைக்குக் கொண்டு போனேன். ஆறு வருஷமா ஊரு ஊரா இழுத்ததும் நாந்தான். அச்ச ஒருத்தரும் ஒரு நாளும் கழட்டிப் பாக்கல," என்றேன். எல்லோருக்கும் கேட்டது.

சனம் முணுமுணுக்க ஆரம்பித்தது. தலைவர் கெட்டிக்காரர். உடனே குரலை மாற்றினார்.

"சரிலா, நடந்தது நடந்துபோச்சு. யாரு மேலயும் தப்பு இல்ல. தர்மா மன்னிப்புக் கேக்க வேணாம், விட்டுரலாம். நல்ல நேரம் போவுது, லூமுட்டுல காத்துக்கிட்டிருக்காங்க. பிச்சண்ணே, டிராக்டர எடு."

அவ்வளவுதான். ஒரு கால், ஒரு குடும்பத்தின் மானம், ஒரு பெண் பிள்ளையின் பேர், எல்லாம் 'விட்டுரலாம்' என்ற ஒற்றைச் சொல்லில் முடிந்தது. பழக்கம் பாருங்கள், எடு என்று சொன்னதும் நானும் டிராக்டரில் ஏறிச் சாவியைத் திருப்பிவிட்டேன்.

தர்மா கட்டைகளை ஊன்றித் தேரிடம் போனான். அம்மனைப் பார்த்துக் கும்பிடப் போகிறான் என்று நினைத்தேன். பின்சக்கரத்துக்கு முன்னால் நின்று, ஒரு கட்டையைக் கீழே போட்டான், பிறகு மற்றதையும். சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கி, செம்மண்ணில் உட்கார்ந்து, துணி சுற்றிய காலை நீட்டினான்.

"இழுங்க," என்றான்.

"டேய், என்னாடா இது? எந்திரி!" தலைவர் ஓடி வந்தார்.

"இந்த அச்சும் அதே மாதிரி தோலு உரிச்ச அச்சுதான். லூமுட் போற வழியில எவன் காலுல விழுமோ. அதுக்கு எங்காலுலயே விழட்டும், ஏற்கெனவே பழகுன காலு. இழுங்க அண்ணே."

நான் என்ஜினை அணைத்தேன்.

"பிச்சண்ணே, எடுன்னு சொல்றேன்ல! அவன் பயத்துல எந்திரிச்சுடுவான்."

சாவியை உருவி, செம்பனைக்குள் விட்டெறிந்தேன். வயசு அறுபதாகப் போகிறது, அப்படி ஒரு காரியம் அதற்கு முன் செய்ததில்லை.

துளசி வந்து நின்றாள். "அண்ணே, பெரிய ஸ்பேனர் இருக்கா? இந்த அச்சக் கழட்டணும்."

டிராக்டர் பெட்டியில் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு சக்கரத்தின் நட்டில் மாட்டினாள். ஒருவரும் தடுக்கவில்லை, ஒருவரும் உதவிக்கும் வரவில்லை. நட்டு இளகவில்லை. நானும் பிடியில் கை வைத்தேன்.

"கோயில் சொத்துலா அது! போலீஸக் கூப்புடுவேன்," என்று கத்தினார் விக்னேஸ்வரன்.

"கூப்புடுங்க தலைவரே," என்றான் தர்மா, உட்கார்ந்த இடத்திலிருந்தே. "மூணு வாரமா என் காலு எப்டிப் போச்சுன்னு நீங்கதான் எல்லாருக்கும் சொன்னீங்க. இனிமே நா சொல்றேன். போலீஸ்கிட்டயே மொதல்ல சொல்றேன், வரச் சொல்லுங்க."

நட்டு கிறீச்சிட்டுத் திரும்பியது.